கிரெச்சோ: முதல் குடில் வெச்ச மலை

கிறிஸ்துமஸ் வந்தா நம்ம வீட்ல வைக்கோல் பரப்பி குடில் வைக்கிறோம்ல, அந்த வழக்கம் பரவக் காரணமா இருந்த எடம் இத்தாலியில ரியெட்டி பள்ளத்தாக்குல இருக்கற கிரெச்சோங்கற சின்ன மலை ஊரு. ரோம்லருந்து டெர்னி போயி ரியெட்டி ரயில் மாறி ஏறினா கிரெச்சோ ஸ்டேஷன் வரும், ஆனா அது கீழ சமவெளில இருக்கு, ஊரும் திருத்தலமும் மேல, அதனால வண்டி பேசி வெச்சுக்கங்க.

திருத்தலம் செங்குத்தான பாறைய ஒட்டியே நிக்குது. 1223ல கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி புனித பிரான்சிஸ் அசிசியார் ஜொவான்னி வெலித்தாங்கற ஊர்ப் பிரபுவக் கூப்பிட்டு, பெத்லகேம்ல குழந்தை இயேசு பட்ட கஷ்டத்த என் கண்ணால பாக்கணும், ஏற்பாடு பண்ணுங்கன்னு கேட்டாராம். அந்த ராத்திரி சுத்துப்பட்டு சனமெல்லாம் தீப்பந்தமும் மெழுகுதிரியுமா மலையேறி வந்தப்ப அங்க இருந்தது வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும் மட்டும்தான், மாதா சூசையப்பர் வேஷம் யாரும் கட்டல, தீவனத்தொட்டி மேலயே பூசை நடந்துச்சு, திருத்தொண்டரா, அதாவது குருவுக்கு அடுத்த படியில, இருந்த பிரான்சிஸ் நற்செய்தியப் பாடி பிரசங்கம் வெச்சாரு. என் மனசப் பிடிச்சு உலுக்கினது இதுதாங்க, அன்னிக்கு ஆண்டவர் அந்தத் தொட்டிக்கு நற்கருணையா, பூசையில அவர் உடலா மாறற அப்பமா, வந்தாரு, அதுக்கு மேல அவருக்கு எந்த அலங்காரமும் தேவைப்படல.

அன்னிக்கு பூசை நடந்த குகைதான் இப்ப சிற்றாலயம். பீடத்துக்கு மேல சுவர்ல பழைய ஓவியம் இருக்கு, ஒரு பக்கம் மாதா குழந்தைக்குப் பால் குடுக்கறாங்க, இன்னொரு பக்கம் திருத்தொண்டர் உடையில பிரான்சிஸ் முழங்கால் போட்டு குழந்தைய வணங்கறாரு. பெத்லகேமும் கிரெச்சோவும் ஒரே சுவர்ல! முழங்கால் போட்டு செபமாலை சொல்ல ஆரம்பிச்சேன், கண்ணு தானா கலங்கிருச்சு.

உள்ள புனித பிரான்சிஸ் படுத்த எடம்னு காட்டறது வெறும் பாறைங்க, கை வெச்சுப் பாத்தா ஜில்லுனு இருக்கு. பக்கத்துல, பிரான்சிஸ் சபைக்குப் பின்னாடி தலைவரா இருந்த புனித பொனவெந்தூர் பேர்ல 13ஆம் நூற்றாண்டு மரத் தடுப்பு அறைகள், ஒரு ஆள் திரும்பிப் படுக்கவே கஷ்டம். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1ந்தேதி இங்க வந்துதான் குடில் பத்தின மடலுக்குக் கையெழுத்து போட்டாரு.

ஊருக்குள்ள பழைய கோட்டை கோபுரமும் அதிதூதர் மிக்கேல் கோயிலும் இருக்கு. ஊர் வாசல்லருந்து ஒரு சின்னப் பையன் எரியற கொள்ளிய வீசணும், அது எங்க விழுதோ அங்க தங்கறேன்னு பிரான்சிஸ் சொன்னாராம், அது பறந்து போயி இப்ப திருத்தலம் இருக்கற அந்தத் தூரத்துப் பாறைல விழுந்துச்சுன்னு இன்னிக்கும் சொல்றாங்க, நான் அத நம்பறேன்.

திருத்தலத்துலயே மேல புதுசா கட்டின கோயில்ல பல நாட்டுக் குடில்கள அழகா வெச்சிருக்காங்க. போறவங்க குகையில நல்லா செபம் பண்ணிட்டு அப்புறமா அங்க ஏறுங்க, கிறிஸ்துமஸ் சமயத்துல போக முடிஞ்சா ஊர்க்காரங்களே அந்த 1223 ராத்திரிய நடிச்சுக் காட்டறாங்க, குளிர் பயங்கரமா இருக்கும், கம்பளி மறந்துராதீங்க.