திஸ் யாரைச் சொல்கிறது: ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

டியூஷன் பிள்ளைகளுக்காக, இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மாதிரித் தேர்வுப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கம் திறந்து இரண்டு விநாடி கழித்து "வணக்கம், மதி" என்று பெயரோடு வர வேண்டும். மாணவர் என்று ஒரு ஆப்ஜெக்ட் (தகவல்களையும் செயல்களையும் சேர்த்து வைக்கும் பொருள்), அதில் நேம் என்று ஒரு பண்பு, வாழ்த்து என்று ஒரு ஃபங்ஷன் (கூப்பிட்டால் ஓடும் நிரல் துண்டு), அதற்குள் திஸ்.நேம். ஃபங்ஷன் எந்த ஆப்ஜெக்டுக்காக ஓடுகிறதோ அதைக் குறிக்கும் சொல்தான் திஸ். குறித்த நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் செட்டைம்அவுட்டிடம் மாணவர்.வாழ்த்து என்று கொடுத்தேன். திரையில் "வணக்கம், " என்று மட்டும் வந்தது, பெயர் இல்லை. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பாக ஒரு வரியாவது இருந்தால் எங்கே தேடுவது என்று தெரிந்திருக்கும், அதுவும் இல்லை. இரவு பதினொன்றரை வரை பெயரை எங்கே தவறாகச் சேமித்தேன் என்றே தேடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5, புதன்

பெயர் சரியாகத்தான் இருக்கிறது, மாறியிருப்பது திஸ். மாணவர்.வாழ்த்து என்று அடைப்புக்குறி போடாமல் கொடுத்தபோது நான் கொடுத்தது ஃபங்ஷனை மட்டும்தான், மாணவர் அதோடு போகவில்லை. இரண்டு விநாடி கழித்து பிரவுசர் அதைக் கூப்பிடும்போது திஸ் என்பது விண்டோ, அதாவது பிரவுசர் சாளரத்தையே குறிக்கும் ஆப்ஜெக்ட். விண்டோவுக்கும் நேம் என்று ஒரு பண்பு ஏற்கெனவே உண்டு, வழக்கமாக அது வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை). அதனால்தான் பிழையே வராமல் வெறுமையாக நின்றது. அந்தப் பண்புக்கு நேம் அல்லாமல் நான் வேறு பெயர் வைத்திருந்தால் குறைந்தபட்சம் 'அன்டிஃபைன்ட்' (மதிப்பு தரப்படவில்லை) என்றாவது திரையில் வந்திருக்கும்.

மார்ச் 8, சனி

விடுமுறை. காலை முழுக்க கன்சோலில் சின்னச் சின்னதாகச் செய்து பார்த்தேன்.

மாணவர்.வாழ்த்து() என்றால் மதி வருகிறது. அதே ஃபங்ஷனை ஆசிரியர் என்ற இன்னொரு ஆப்ஜெக்டில் வைத்து ஆசிரியர்.வாழ்த்து() என்றால் ஆசிரியரின் பெயர் வருகிறது, ஃபங்ஷனுக்குள் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பள்ளி.வகுப்பு.மாணவர்.வாழ்த்து() என்று நீட்டினாலும் கடைசிப் புள்ளிக்கு இடப்பக்கம் நிற்கும் மாணவர்தான் திஸ், பள்ளிக்கும் வகுப்புக்கும் அதில் வேலை இல்லை. அதையே தனி என்ற மாறியில் போட்டு தனி() என்று கூப்பிட்டால் புள்ளியே இல்லை, அப்போது சாதாரண ஸ்கிரிப்டில் விண்டோ கிடைக்கிறது, விதிகளைக் கடுமையாக்கும் ஸ்ட்ரிக்ட் மோடில் அன்டிஃபைன்ட் கிடைத்து, நேம் படிக்கப்போன இடத்தில் பிழை வந்து நிற்கிறது. எனக்கு இந்தப் பிழைதான் பிடித்திருக்கிறது, தவறு நடந்த இடத்திலேயே கையைக் காட்டுகிறது. ஸ்ட்ரிக்ட் மோட் 2009-இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையின் ஐந்தாம் பதிப்பில் சேர்ந்தது.

ஏன் இப்படி என்று யோசித்தபோது வரலாறு உதவியது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். பார்வைக்கு ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழி போல இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விருப்பம், திஸ் என்ற சொல்லும் ஜாவாவில் இருப்பதுதான். ஆனால் ஃபங்ஷனை எண்ணைப் போல, சரத்தைப் போல எங்கே வேண்டுமானாலும் கொடுத்து வாங்கலாம் என்ற குணம் ஸ்கீம் மொழியிலிருந்து வந்தது. அன்றைய ஜாவாவில் ஒரு மெத்தட் (ஆப்ஜெக்டுக்கு உரிய ஃபங்ஷன்) தன் கிளாஸை (ஆப்ஜெக்ட்களை உருவாக்கும் வார்ப்பு) விட்டுத் தனியாக நடமாட முடியாது, இங்கே முடியும். நடமாடும் ஒன்றுக்கு நிரந்தர முகவரி எப்படி இருக்கும், கூப்பிடுகிற நேரத்தில்தான் முடிவாக வேண்டும்.

இன்னொன்றும் தோன்றியது. திஸ் என்பதை மனதுக்குள் 'இது' என்று படித்து வந்ததே எனக்குக் குழப்பமாக இருந்திருக்கிறது. 'இது' என்றால் கண்ணெதிரே அசையாமல் இருக்கும் ஒன்றைச் சுட்டுவது போல இருக்கிறது. 'நான்' என்று படித்துப் பார்த்தேன். "நான் நாளை வருகிறேன்" என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தால், அதை எடுத்துச் சொல்கிறவர் எவரோ அவர்தானே அந்த நான்.

மார்ச் 9, ஞாயிறு

தேர்வுக்கான கடிகாரம். முப்பது நிமிடத்திலிருந்து இறங்க வேண்டும். கிளாஸ் எழுதி, அதன் குறை என்ற மெத்தடை குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பக் கூப்பிடும் செட்இன்டர்வலிடம் கொடுத்தேன், திரையில் 'என்ஏஎன்' (எண் அல்ல) ஓடியது. இந்த முறை ஐந்தே நிமிடத்தில் பிடித்துவிட்டேன், மீதி நேரத்தை வைத்திருக்கும் மீதி என்ற பண்பு விண்டோவில் இல்லை, இல்லாத அதிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. சந்தோஷமாக இருந்தது.

தீர்வு, அம்புக்குறி போட்டு எழுதும் ஆரோ ஃபங்ஷன். 2015-இல் வந்த இதற்கு சொந்தமாக திஸ் கிடையாது, வெளியே சுற்றியிருக்கும் இடத்தின் திஸ்ஸையே எடுத்துக்கொள்ளும், யார் எப்படிக் கூப்பிட்டாலும் மாறாது. அதற்கு முன் எழுதிய நிரல்களில் 'தட்' என்றோ 'செல்ஃப்' என்றோ ஒரு மாறியில் திஸ்ஸைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது இதற்காகத்தான் என்று இன்றுதான் புரிந்தது.

அந்த உற்சாகத்தில் மாணவர் ஆப்ஜெக்டின் வாழ்த்தையும் ஆரோவாக மாற்றினேன், மறுபடி பெயர் காணவில்லை! ஆப்ஜெக்டின் நெளிவு அடைப்புக்குறி திஸ்ஸை உருவாக்குவதில்லை. ஆரோ அதைத் தாண்டி வெளியே பார்த்தது, அங்கே இருந்தது விண்டோ. சரி, வாழ்த்து பழையபடி சாதாரண ஃபங்ஷனாகவே இருக்கட்டும், செட்டைம்அவுட்டுக்குள் மட்டும் ஒரு ஆரோ, அதற்குள் மாணவர்.வாழ்த்து().

மார்ச் 14, வெள்ளி

சமர்ப்பி பொத்தான். அழுத்தும்போது ஓட வேண்டியதைப் பொத்தானோடு சேர்க்கும் ஆட்ஈவன்ட்லிசனரில் சாதாரண ஃபங்ஷனைக் கொடுத்தால் திஸ் அந்தப் பொத்தானாக இருக்கும். எனக்குத் தேர்வு ஆப்ஜெக்ட் வேண்டும் என்பதால், திஸ்ஸை நாம் சொல்வதாகவே நிலைநிறுத்தும் பைண்ட் போட்டேன், வேலை செய்தது. நேரம் முடிந்ததும், சேர்த்ததை நீக்கும் ரிமூவ்ஈவன்ட்லிசனரில் அதே வரியை பைண்டோடு எழுதினேன், பொத்தான் அடங்கவில்லை, பிள்ளைகள் அழுத்திக்கொண்டே இருக்கலாம் என்ற நிலை. பைண்ட் ஒவ்வொரு முறையும் புதிய ஃபங்ஷனைத் தருகிறது, சேர்த்தது ஒன்று, நீக்கச் சொன்னது வேறொன்று. ஒரே ஒரு முறை பைண்ட் செய்து அதை, ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஓடும் கன்ஸ்ட்ரக்டரிலேயே வைத்துக்கொண்டேன், அப்புறம் சேர்ப்பதும் நீக்குவதும் அதே ஃபங்ஷன்.

மாலை ஏழு பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள். ஏழு பேருக்கும் பெயர் சரியாக வந்தது, முப்பதாவது நிமிடத்தில் பொத்தான் அடங்கியது.