ஆளைப் பார்த்து முடிவு

“ஆளைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணிக்குங்க தம்பி.” எங்கள் ஏற்காட்டு ஹோட்டலின் முதலாளி இதைப் போனில் சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்ட பிறகுதான் அதில் முடிவு என்று எதுவுமே இல்லை என்பது உறைத்தது. “சரிங்க சார், இன்னிக்கு சாயங்காலம் யாராவது வந்தா நான் என்ன சொல்லட்டும்?”

கல்யாணம் ஆகாத ஜோடிக்கு நாங்கள் ரூம் மறுத்த வீடியோ சுற்றியதில் கூகுளில் ஒற்றை நட்சத்திரமாக விழுந்துகொண்டிருந்த வாரம் அது. போட்டவர்களில் பாதிப்பேர் ஏற்காட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் முதலாளி பயந்துபோய், ஆதார் இருந்தால் எல்லோருக்கும் கொடுங்கள் என்றார். அதுவும் நிலைக்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் நாலு பேர் ரிசப்ஷன் சோபாவில் வந்து உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்துவிட்டு, “குடும்பம் வர்ற இடமாவே இருக்கட்டுங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கோடை விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு வந்ததுதான் அந்தப் போன்.

சட்டம் இதில் ஒன்றும் குழப்பமாக இல்லை. கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு சீல் வைத்த வழக்கில், மணமாகாத இருவர் ஒரே அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. அந்தச் செய்தியை முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டை விரலைப் போட்டார், அவ்வளவுதான். கோர்ட் தீர்ப்பு சோபாவில் வந்து உட்காராது இல்லையா.

பெரிய கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். 2025 ஜனவரியில், ஹோட்டல் ரூம் புக்கிங் கம்பெனியான ஓயோ, உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் புது விதி கொண்டுவந்தது. மணமாகாத ஜோடிக்கு ரூம் கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த ஹோட்டலின் விருப்பம் என்றது. உள்ளூர் அமைப்புகள் சொன்னதாகக் காரணமும் காட்டியது. 2020 அக்டோபரில், முஸ்லிம் குடும்பம் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துவதாகக் காட்டிய விளம்பரத்துக்கு எதிர்ப்பு கிளம்பி, நகைக்கடை நிறுவனமான தனிஷ்க் அதைத் திரும்பப் பெற்றபோது, கடை ஊழியர்களின் நலனையும் ஒரு காரணமாகச் சொன்னது. அப்போது அதைச் சாக்கு என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன், கவுன்ட்டரில் நிற்பது யார் என்று தெரிந்த பிறகு சொல்ல முடியவில்லை. ஆனால் தனிஷ்க்காவது விளம்பரத்தைத் திரும்பப் பெற்று, பழியை மேலேயே வாங்கிக்கொண்டது. நாங்கள் பொறுப்பை அப்படியே கவுன்ட்டருக்குத் தள்ளிவிட்டோம்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில்: “ரூம் காலி இல்லைன்னு சொல்லிடும்மா.”

இதில் என்ன தப்பு என்று இன்றும் வாதாடுவேன். வருகிறவர்களுக்கு அவமானம் இல்லை, வீடியோ எடுக்க விஷயம் இல்லை, சோபாக்காரர்களுக்கும் கோபம் இல்லை. அவள்தான் விடவில்லை. “சார், ஆன்லைன்ல ரூம் காலியா இருக்குன்னு காட்டுதே, அவங்க போனை நீட்டினா?” சிஸ்டம் அப்டேட் ஆகவில்லை என்று சொல்லச் சொன்னேன். தலையாட்டினாள். அவள் வயதுக்காரர்களைத்தான் அவள் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, அவர்களில் அவள் காலேஜில் படித்தவர்களும் இருக்கலாம். இதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன், ஆனால் எனக்கும் சீசன் ஓடியாக வேண்டும்.

நட்சத்திரம் போட்டவர்கள் ஜெயித்தார்களா, சோபாவில் உட்கார்ந்தவர்களா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. வெப்சைட்டில் ‘அனைவரையும் வரவேற்கிறோம்’ என்று இருக்கிறது. கூகுளில் ரேட்டிங் பழையபடி ஏறிவிட்டது. சேலம் ஆபீஸ் மீட்டிங்கில் முதலாளி இதைப் பக்குவமாகச் சமாளித்ததாக என்னைப் பாராட்டினார். அந்த வருட அப்ரைசல் படிவத்தில் நானும் அதையே எழுதிக் கொடுத்தேன். இன்க்ரிமென்ட் வந்தது, அவளுக்கும் சேர்த்துத்தான் கேட்டேன், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.