நவம்பர் 9, ஜெர்மனிக்குன்னே எழுதி வெச்ச மாதிரி ஒரு நாள்

"வரலாற்றில் இன்று"னு வர்ற லிஸ்ட்ல எனக்கு பெருசா ஆர்வம் கிடையாது. எந்த தேதியை எடுத்தாலும் ஒரு போர், ஒரு கண்டுபிடிப்பு, ஒரு தலைவரோட பிறந்தநாள்னு ஏதாவது சிக்கும், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனா ஜெர்மனியோட நவம்பர் 9 வேற மாதிரி. அங்க ஒரு நவம்பர் 9 தான் இன்னொரு நவம்பர் 9-ஐ இழுத்துட்டு வந்திருக்கு.

1918-ல முதல் உலகப்போர் தோல்வியில முடியுற நேரம், பெர்லின் தெரு முழுக்க தொழிலாளர்களும் சிப்பாய்களும் திரண்டு நிக்கிறாங்க, ஜெர்மனியோட பேரரசர், கெய்சர் ரெண்டாம் வில்ஹெல்ம், பெல்ஜியத்துல ஸ்பாங்கிற ஊர்ல இருந்துகிட்டு முடிவே எடுக்காம இழுத்தடிக்கிறாரு. அவர் சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே "கெய்சர் பதவி விலகிட்டார்"னு அரசாங்கத் தலைவரான சான்சலர் அறிவிச்சுட்டாரு. மத்தியானம் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமான் நாடாளுமன்ற ஜன்னல்ல நின்னு குடியரசை அறிவிக்க, சாயங்காலத்துக்குள்ள தீவிர இடதுசாரித் தலைவர் லீப்க்னெஷ்ட் அரண்மனையில இருந்து சோஷலிச குடியரசுன்னு இன்னொண்ணை அறிவிச்சாரு.

இதை ஏத்துக்காத கூட்டம் ஒண்ணு இருந்துச்சு. ராணுவம் தோக்கல, உள்ள இருந்த துரோகிங்கதான் முதுகுல குத்திட்டாங்கன்னு ஒரு பொய்யைக் கிளப்பி, குடியரசைக் கொண்டு வந்தவங்களுக்கு "நவம்பர் குற்றவாளிகள்"னு பேரும் வெச்சாங்க. அந்தப் பொய்யை வெச்சே வளர்ந்த ஹிட்லர், 1923 நவம்பர் 8 ராத்திரி மியூனிக்ல ஒரு பீர் ஹால்ல ஆட்சிக் கவிழ்ப்பை ஆரம்பிச்சு மறுநாள் ஊர்வலமா கிளம்பினான், போலீஸ் சுட்டதும் எல்லாம் சிதறிடுச்சு. 5 வருஷ தண்டனை, ஆனா 1924 டிசம்பர்லயே வெளிய விட்டுட்டாங்க.

ஆட்சிக்கு வந்ததும் ஹிட்லரோட நாஜி கட்சிக்காரங்க, 1923-ல அந்த ஊர்வலத்துல செத்த தங்களோட ஆட்களைத் தியாகிகளாக்கி வருஷா வருஷம் மியூனிக்ல கூடுனாங்க. 1938-லயும் அப்படித்தான் கூடியிருந்தாங்க. ரெண்டு நாள் முன்னாடி பாரிஸ்ல ஒரு 17 வயசு யூதப் பையன் சுட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி செத்துட்டார்ங்கிற செய்தி அன்னைக்கு ராத்திரி அங்க வருது, பிரச்சார மந்திரி கோயபல்ஸ் யூதர்களுக்கு எதிரா பேசுறான், கேட்டுட்டு இருந்த கட்சித் தலைவர்கள் அங்கிருந்தே அவங்கவங்க ஊருக்கு போன் போட்டு ஏவி விடுறாங்க. நாடு பூரா யூத ஆலயங்கள் எரிஞ்சுது, ஆயிரக்கணக்கான கடைகளை உடைச்சாங்க, சுமார் 30,000 ஆம்பளைங்களை வதை முகாமுக்கு இழுத்துட்டுப் போனாங்க. இதுல எனக்கு ஆறவே ஆறாத விஷயம், உடைச்சது அவங்க, ஆனா 100 கோடி மார்க் அபராதம் கட்டச் சொன்னது யூதர்களை.

1989 நவம்பர் 9-ல பெர்லின் சுவர் திறந்ததுக்கு மட்டும் இதோட தொடர்பே இல்ல, அது முழுக்க ஒரு குளறுபடி. ஜெர்மனி அப்ப ரெண்டு நாடா பிரிஞ்சு கிடந்துச்சு. கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த கிழக்கு ஜெர்மனியோட கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான ஷபோவ்ஸ்கி, சாயங்காலம் பிரஸ் மீட்ல, மக்கள் வெளிநாடு போறதுக்கான புது பயண விதிகள் இருந்த பேப்பரைப் பார்த்துப் படிக்கிறாரு, எப்ப இருந்து அமல்னு ஒரு கேள்வி வருது, பேப்பரைப் புரட்டிட்டு, எனக்குத் தெரிஞ்சு உடனேன்னு சொல்லிட்டாரு. உண்மையில அது மறுநாள்தான் வெளிவரணும், விசாவுக்கும் விண்ணப்பிக்கணும். டிவில பார்த்த ஜனம் நேரா மேற்கு பெர்லின் எல்லைக்குப் போயிடுச்சு. போர்ன்ஹோல்மர் தெரு கேட்ல இருந்த அதிகாரி ஹரால்ட் யேகர் மேலிடத்துக்கு போன் மேல போன் போடுறாரு, ரொம்ப சத்தம் போடுறவங்களை மட்டும் அனுப்பு, அவங்க அடையாள அட்டை போட்டோ மேலயே சீல் குத்திடு, திரும்ப உள்ள வர முடியாதுன்னு பதில் வருது. அதெல்லாம் கூட்டத்துக்கு முன்னாடி எடுபடல. ராத்திரி பதினொன்றரை வாக்குல அவரே முடிவெடுத்து கேட்டைத் திறந்து விட்டுட்டாரு, 28 வருஷமா நின்ன சுவர் அத்தோட அர்த்தமில்லாம போச்சு.

இவ்வளவு பெரிய சந்தோஷம் நடந்த நாளை ஏன் தேசிய நாளா வைக்கலன்னு கேட்டா, காரணம் 1938 தான். ரெண்டு ஜெர்மனியும் சட்டப்படி ஒண்ணா சேர்ந்த 1990 அக்டோபர் 3-ஐத்தான் எடுத்துகிட்டாங்க. அது ஒரு அரசாங்க தேதி, உணர்ச்சி கம்மின்னு சொல்றவங்க இருக்காங்க. இருந்தாலும் அது சரியான முடிவுன்னுதான் நான் சொல்வேன், வீட்டுக் கதவை உடைச்சு அப்பாவை இழுத்துட்டுப் போன நாள்ல அந்தப் பிள்ளைங்களை வாணவேடிக்கை பார்க்கச் சொல்ல முடியாது.