அசனத்துக்குப் போய்ப் பாட்டுக்குள் மாட்டிக்கொண்ட கதை

முதலில் பஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வெள்ளிக்கிழமை இரவு ஆம்னி பஸ்ஸில் 2,100 ரூபாய். ஸ்லீப்பர் என்று பெயர். மேல் பெர்த்தில் ஏசி ஓட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், சரியாக நெற்றிப்பொட்டில். விழுப்புரம் தாண்டுவதற்குள் தலையைக் கால் பக்கம் மாற்றிப் படுத்தேன், அப்புறம் காலில் சொட்டியது. கிளீனரைக் கூப்பிட்டுக் காட்டினால் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் கொடுத்து "சொருகிக்கோங்க சார்" என்கிறார். விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குள் போகாமல் வண்ணார்பேட்டையிலேயே இறக்கிவிட்டார்கள். பாளையங்கோட்டைக்கு ஆட்டோ 250 கேட்டு, சண்டை போட்டு, 150க்கு வந்தது. நடந்தே போயிருக்கலாம் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது.

போன காரணம் இது. என் கல்லூரி நண்பன் பத்து வருஷமாக "எங்க ஊர் அசனத்துக்கு ஒரு தடவ வந்து பாருல" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, அதாவது ஊர் சர்ச்சை அர்ப்பணித்த நாளின் கொண்டாட்டம், ஞாயிறு காலை ஆராதனை, அது முடிந்ததும் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அசனம். ஊர்ப் பெயரை மட்டும் எழுதாதே, அடுத்த வருஷம் சோறு பத்தாது என்று சொல்லிவிட்டான். நாசரேத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் நடுவில் தேரிக்காட்டு (செம்மணல் காடு) ஓரமாக ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம்.

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் ஆலயத்துக்குள் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். ரேனியஸ் ஐயர் 1826ல் கட்டியது (இந்தப் பக்கத்தில் ஐயர் என்றால் சாதி இல்லை, பாதிரியார்). தூங்காத கண்ணுக்கு அந்தக் குளுமையே போதுமாயிருந்தது. அங்கிருந்து திருச்செந்தூர் பாசஞ்சரில் நாசரேத். இந்த ரயிலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, டிக்கெட் ஒரு டீ காசு, ஜன்னலுக்கு வெளியே வாழையும் வயலும். நாசரேத்தில் யாரிடம் பேசினாலும் மர்காஷிஸ் ஐயர் பெயர் வந்துவிடுகிறது. 1876ல் வந்து, 1908ல் இறக்கும்வரை அங்கேயே இருந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஊரையே உருவாக்கியவர். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், போன மாசம் மாறுதலாகிப் போன ஐயரைப் பற்றிப் பேசுவது மாதிரியே பேசுகிறார்கள்.

மாலையில் நண்பன் பைக்கில் மெஞ்ஞானபுரம் கூட்டிப்போனான். சுற்றிலும் சிவப்பு மணல், பனை, நடுவில் 192 அடிக் கோபுரம். வேல்ஸ் தேசத்துக்காரரான ஜான் தாமஸ் ஐயர் இந்த மணலில் கிணறு வெட்டி, மரம் வைத்து, ஆலயம் கட்டி, 1870ல் இங்கேயே அடக்கமானார். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், என் போனில் முழுக் கோபுரம் விழவே இல்லை.

சரி, பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சென்னையில் நான் போகும் சபையில் திரை இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது, மேடையில் ஆறு பேர் மைக் பிடித்துப் பாடுகிறார்கள். கீழே இருக்கிற நாங்கள் இருநூறு பேரும் வாயசைக்கிறோம். பக்கத்தில் இருப்பவர் குரல் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. புதுப்பாட்டு கூடாது என்கிற ஆள் இல்லை நான். ஆனால் மேடை பாட சபை வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் சபைப் பாட்டு இல்லை, கச்சேரி.

ஞாயிறு காலை நண்பன் ஊர் ஆலயத்தில் எனக்கு இடம் கிடைத்தது பின்வரிசையில், பாட்டிமார்களுக்கு முன்னால். சுவரில் பாட்டு எண் மாட்டும் மரப்பலகை. கடைசி எண் 6. அதன் மேலாணி கழன்று, தலைகீழாகச் சரிந்து, 9 ஆகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஐயர் பீடத்திலிருந்து சரியான எண்ணைத்தான் சொன்னார், ஆனால் கீபோர்டு வாசிக்கிற பையன் பலகையைப் பார்த்துத் தயாராகிவிட்டிருந்தான். புத்தகம் வைத்திருந்த என்னைப் போன்றவர்களும் பலகையைப் பார்த்துத்தான் பக்கம் புரட்டியிருந்தோம். பையன் வேறு ஏதோ ராகத்தை முழுசாக வாசித்து நிறுத்தினான், முன்வரிசை ஆண்கள் வாயைத் திறந்தார்கள், அதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து பாட்டிமார் சரியான பாட்டை எடுத்துவிட்டார்கள். கீபோர்டு என்ன வாசித்தது என்று அவர்கள் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. ஐயர் சொன்னார், அவர்கள் பாடினார்கள், அவ்வளவுதான்.

பையன் விடவில்லை. அவர்கள் எடுத்த சுருதியைப் பிடிக்க ஒரு கட்டையைத் தொட்டான், இல்லை. அடுத்தது, அதுவும் இல்லை. பட்டனைத் தட்டி ஏற்றிப் பார்த்தான், இறக்கிப் பார்த்தான். பாட்டிமார் நின்றது இரண்டு கட்டைக்கும் நடுவில் ஒரு இடத்தில், அந்த இடம் கீபோர்டிலேயே கிடையாது. இரண்டாவது சரணத்தில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவனும் பாட ஆரம்பித்தான், முகத்தில் அசட்டுச் சிரிப்பு. அதற்குள் ஆலயம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. பெண்கள் பக்கம் ஆண்கள் பக்கத்தைவிட அரை அடி பின்னால், ஒவ்வொரு வரிக் கடைசியிலும் ஒரு இழுப்பு, யாரோ ஒரு தாத்தா எல்லோருக்கும் கீழே தனியாக ஒரு கட்டைக்குரலில். மேல்நாட்டு ராகம், அதில் பொருத்திய தமிழ், சில இடத்தில் சொல் உடைந்து "சர்வ" ஒரு பக்கம் "வல்லவர்" ஒரு பக்கம் என்று விழும். எழுத்தில் பார்த்தால் நெருடும், அந்த இழுப்பில் ஒன்றுமே தெரியவில்லை.

பின்னால் திரும்பி, புத்தகம் வேண்டுமா என்று ஒரு பாட்டியிடம் என்னுடையதை நீட்டினேன். "எனக்கு எதுக்குப்பா, நீ வச்சிக்கோ. நீதான் முழிக்க" என்றார். உண்மைதான்.

காணிக்கை எடுக்கும்போது கீர்த்தனை. இதற்கு மட்டும் ஆர்மோனியம், தபலா. பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்களுக்கு: பாமாலை பெரும்பாலும் ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகளைத் தமிழில் கொண்டுவந்தது. கீர்த்தனை நம் ராகம், நம் தாளம், பல்லவி அனுபல்லவி சரணம் எல்லாம் உண்டு, புத்தகத்தில் பாட்டுக்கு மேலேயே ராகமும் தாளமும் போட்டிருக்கும். கீர்த்தனைகள் எழுதிய தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரை எல்லோரும் தஞ்சாவூர்க்காரர் என்றே நினைக்கிறோம், அவர் 1774ல் பிறந்தது இந்தத் திருநெல்வேலியில். 12 வயதில் சுவார்ட்சு ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். இதை நண்பனின் அப்பா எனக்கு மூன்று தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சொல்கிற மாதிரி.

அப்புறம் அசனம். முந்தின ராத்திரியே போய்ப் பார்த்தேன், ஆலயத்துக்குப் பின்னால் வரிசையாகக் குழி வெட்டி, பனைமட்டை எரித்து, ஆள் உட்காரும் அளவு அண்டாக்கள். ஊர் இளவட்டம் முழுக்க அங்கேதான், தேங்காய் துருவியபடி யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டு. மதியம் ஓலைப்பாயில் வெள்ளைத் துணி விரித்துச் சோற்றை மலையாகக் குவித்தார்கள். ஐயர் அதன் முன்னால் நின்று ஜெபிக்கும்போது ஆவி அவர் கண்ணாடியை மூடிவிட்டது, துடைக்காமலே ஜெபித்து முடித்தார். ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய் மாங்காய்க் கூட்டு, வேறொன்றும் கிடையாது. வேறொன்றும் வேண்டாம். நான் மூன்று தடவை வாங்கினேன், நாலாவது தடவை பரிமாறுகிற அண்ணாச்சி கேட்கவே இல்லை, ஊற்றிவிட்டார். கறியைவிட அந்தக் கூட்டு, மாங்காயின் புளிப்பு குழம்பில் இறங்கும் இடம், அதை எழுத எனக்கு வார்த்தை இல்லை, விட்டுவிடுகிறேன். முன்பெல்லாம் பனையோலைப் பட்டையில்தான் சாப்பிடுவோம், அந்த மணமே தனி என்று பக்கத்தில் இருந்தவர் பெருமூச்சு விட்டார். துபாயிலிருந்து இதற்கென்றே லீவு போட்டு வந்தவராம்.

காசு கிடையாது. ஊர்க்காரர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி கொடுக்கிறார்கள், வெளியாள் சும்மா உட்காரலாம். பஸ்ஸுக்கு 2,100 அழுதவன் இங்கே இனாமாகச் சாப்பிடுவது உறுத்தியது, காணிக்கைப் பெட்டியில் 500 போட்டேன்.

வாக்குக் கொடுத்த நடைமுறை விவரம்: தங்கியது நண்பன் வீட்டில், அதனால் லாட்ஜ் பற்றி எனக்குத் தெரியாது. மதிய வெயிலில் தேரி மணலில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள். முதலூர் மஸ்கோத் அல்வா தேங்காய்ப் பாலில் செய்வது, ஒரு கிலோ வாங்க நினைத்துக் கையிலிருந்த பணத்தைப் பார்த்துவிட்டுக் கால் கிலோ வாங்கினேன், தப்பு செய்துவிட்டேன்.

கிளம்பும்போது, புத்தகம் வேண்டாம் என்ற அந்தப் பாட்டி ஒரு தூக்குவாளி நிறையக் கறிக்குழம்பு ஊற்றி, மூடியைத் துணியால் கட்டி, கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, சொல்லவும் ஆசை இல்லை. திரும்பிவந்த பஸ்ஸிலும் ராத்திரி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்து பெர்த்காரர் திண்டுக்கல் வரை மோப்பம் பிடித்தபடி வந்தார். குழம்பு திங்கள் மதியமே காலி. வாளி கழுவிக் கவிழ்த்து அடுப்பங்கரை மேடையில் இருக்கிறது, அடியில் யாரோ பெயர் வெட்டியிருக்கிறார்கள், பாதி தேய்ந்துவிட்டது. அடுத்த பிரதிஷ்டைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை ரயிலில், ஸ்லீப்பர் கிளாஸில். இப்போதே நாள் பார்த்து வைத்துவிட்டேன்.