நாத்தனார் முடிச்சும் நடுராத்திரிப் பாப்பாவும்

ஜூன் 4

விசா வந்துவிட்டது. 14 வயதுக்குக் கீழே என்பதால் பாப்பாவுக்குக் கைரேகை கேட்கவில்லை. நானும் அம்மாவும்தான் வரிசையில் நின்று கொடுத்தோம்.

தம்பிக்குக் கனடாவில், டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் கல்யாணம். பெண் வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள், அங்கே சண்டை நடந்த காலத்தில் கனடா போனவர்கள். பாப்பாவின் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆக, நான், இதுவரை விமானமே ஏறாத அம்மா, ஒன்பது மாதப் பாப்பா. சென்னையிலிருந்து துபாய் நாலு மணி நேரம், அங்கிருந்து டொரண்டோ 14 மணி நேரம்.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள்: "சளி மருந்து ஒரு ஸ்பூன் குடுத்துடு, சுருண்டு தூங்கிடும்." மாடி வீட்டு அக்கா சொன்னார், பெரியம்மா சொன்னார், காய்கறிக் கடையில் பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாகூடச் சொன்னார். இன்று தடுப்பூசி அட்டையில் கையெழுத்து வாங்கப் போனபோது டாக்டரிடமே கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: சின்னக் குழந்தைக்கு அந்த மருந்து மூச்சையே மந்தப்படுத்தலாம், சில குழந்தைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, ஆட்டம் இன்னும் கூடும். 14 மணி நேரம் அந்த ஆட்டத்தை யார் பார்ப்பது? சரி, மருந்து இல்லை என்று முடிவாகிவிட்டது. பெரியம்மாவுக்கு மட்டும் டாக்டர் மேல் நம்பிக்கை போய்விட்டது.

ஜூன் 16

மூட்டை கட்டும் படலம். அம்மா திருச்சியிலிருந்து வரும்போதே பாதிப் பெட்டியைச் சீர் சாமான்களால் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

முதலில் கசகசா. "தம்பிக்குக் குருமான்னா உயிரு" என்று கால் கிலோ. ஓப்பியம் எடுக்கும் செடியின் விதை என்பதால் அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். பையில் இருந்தது என்று மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நாம் துபாய் வழியாகத்தான் போகிறோம் என்றதும், "ஓப்பியமா விக்கப் போறேன்? குருமா வைக்கப் போறேன்" என்றார். அடுத்து கொப்பரை. அதில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று விமானத்தில் விடமாட்டார்கள். சீர்த்தட்டில் கொப்பரை வைக்காமல் எப்படி என்று ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

மூன்றாவதுதான் பெரிய சண்டை: பாப்பாவுக்கு வாங்கி வந்த, குழந்தை உள்ளே உட்கார்ந்து உருட்டிப் போகும் சக்கரம் வைத்த நடைவண்டி (வாக்கர்). கனடாவில் 2004இலிருந்து அதற்குத் தடை. விற்கக் கூடாது, நாட்டுக்குள் கொண்டு வரவும் கூடாது, பழையதுகூடக் கை மாறக் கூடாது. குழந்தைகள் அதோடு மாடிப்படியில் உருண்டு மண்டையில் அடிபட்டதுதான் காரணம். "உன்னையும் உன் தம்பியையும் அதுலதான் வளர்த்தேன்" என்றார் அம்மா. திருச்சி வீட்டில் மாடிப்படியே கிடையாது என்பதை நான் சொல்லவில்லை.

கைப்பையில் முளைகட்டிய ராகி மாவு, நேந்திரங்காய்ப் பொடி, பால் பவுடர், வெந்நீர் பிளாஸ்க், மாற்று உடுப்பு. பாப்பாவுக்கு மட்டும் அல்ல, எனக்கும் ஒரு மாற்றுச் சுடிதார். திரவங்களுக்கான 100 மில்லி கட்டுப்பாடு குழந்தை உணவுக்கு இல்லை. பிளாஸ்க்கைத் திறந்து காட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். அப்புறம் நோட்டரி கையெழுத்து வாங்கிய கடிதம் ஒன்று: "என் மனைவி குழந்தையை அழைத்துச் செல்ல எனக்குச் சம்மதம்" என்று பாப்பாவின் அப்பா எழுதியது. பெற்றோரில் ஒருவர் மட்டும் கூட்டிப் போனால் கனடாவில் கேட்பார்களாம். "பெத்தவளுக்கே சர்டிபிகேட்டா!" என்று அம்மா அதிலும் ஒரு குறை கண்டார்.

ஜூன் 19, இரவு. சென்னை விமான நிலையம்

இரண்டு வயதுக்குக் கீழே மடியில் உட்கார்த்தி வைத்தால் பெரியவர் டிக்கெட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மலிவாக இருக்கிறதே என்று தோன்றும். சீட் கிடையாது என்பது ஏறும்போதுதான் உறைக்கும். அதனால்தான் தொட்டில். முன்வரிசையில் தடுப்புச் சுவரில் மாட்டுவார்கள், 10, 11 கிலோ வரை தாங்கும். போனில் சொல்லி வைத்திருந்தோம், உறுதி என்று மெயிலும் வந்திருந்தது.

கவுண்டரில் அந்த வரிசையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கேட்டால், "கோரிக்கை என்றுதான் இருக்கிறது மேடம், உத்தரவாதம் இல்லை." மெயிலைக் காட்டினேன். மேலாளர் வந்தார், போனார். கடைசியில் துபாய் வரை தொட்டில் கிடையாது, துபாயிலிருந்து உண்டு என்றார்கள். அம்மா எனக்குப் பக்கத்தில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றார். திருச்சியில் பஸ் கண்டக்டரிடம் பத்து ரூபாய் பாக்கிக்காக ஸ்டாப்பிங் தாண்டியும் சண்டை போடுகிறவர்.

குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் நெற்றி மறைய முடி. நேரில் மொட்டை, காதில் தங்க வளையம். போன மாதம்தான் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்தினோம். "எந்தக் கோயில்?" என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினார்.

ஜூன் 20. எந்த ஊர் நேரம் என்று தெரியவில்லை

காதடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள், கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது மாதிரி. மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதுபோல இங்கேயும் உப்பும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது வலிக்கும். உறிஞ்சி விழுங்கினால் காதுக்கும் தொண்டைக்கும் நடுவிலுள்ள குழாய் திறந்துகொள்ளும். அதனால் இறங்குவதற்கு அரை மணி முன்பே பால் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். "சக்கரம் தரையைத் தொடும்போது" என்று நினைத்திருந்தால் அதற்குள் அழுகை ஆரம்பித்திருக்கும்.

துபாயில் நடுராத்திரி. கண்ணைக் கூசும் வெளிச்சம், பாப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இத்தனை நாள் வயிற்றைத் தேய்த்து நகர்ந்துகொண்டிருந்தவள் விமானம் ஏறும் வாசலுக்குப் பக்கத்துக் கம்பளத்தில் முதல் தடவையாக முட்டி போட்டுத் தவழ்ந்தாள். அம்மா கைதட்டிய சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்துக்கொண்டார்.

டொரண்டோ விமானத்தில் தொட்டில் கிடைத்தது. கிடைத்தும் என்ன? பாப்பா தூங்கி இருபது நிமிடம்கூட இருக்காது, குலுங்கல், பெல்ட் விளக்கு. விளக்கு எரிந்தால் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்து, நம் பெல்ட்டோடு கோத்த குட்டிப் பெல்ட்டைப் போட வேண்டும். அவள் விழித்துக்கொள்வாள். தூங்க வைத்ததும் மறுபடி விளக்கு. இந்தத் தொட்டிலுக்காகவா மேலாளர் வரை போனோம் என்று ஆகிவிட்டது. ஆனால் தொட்டிலைவிட அந்த வரிசையில் காலுக்கு முன்னால் இருக்கும் இடம்தான் பெரிது. அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை விரித்துப் போட்டதும் பாப்பாவுக்கு ஒரு தரை கிடைத்தது. உட்கார்ந்து கரண்டியைத் தட்டினாள், கவிழ்ந்தாள், எழுந்தாள், அழவே இல்லை. பணிப்பெண் வந்து தரையில் வைக்கக் கூடாது என்றார். எடுத்துக்கொண்டோம். அவர் போனதும் அம்மா மறுபடி விரித்தார்.

டொரண்டோ. அங்கே காலை, எங்களுக்குச் சாயங்காலம். சம்மதக் கடிதத்தைக் கேட்டார்கள், காட்டினேன், சரி என்றார்கள். ராகி மாவை எழுதிக் கொடுத்திருந்தோம், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

காரில்தான் கலவரம். தம்பி பின்சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டி வைத்திருந்தான். ஒன்டாரியோவில் 9 கிலோ ஆகும்வரை குழந்தை பின்பக்கம் பார்த்தபடி கட்டப்பட்டுத்தான் போக வேண்டும், மடியில் வைத்தால் குற்றம். 18 மணி நேரம் மடியிலேயே இருந்த பாப்பா, 401 நெடுஞ்சாலை முழுக்க அலறினாள். "பச்சப்புள்ளையைக் கைதி மாதிரி கட்டுறீங்களேடா" என்று அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டார். பயணத்திலேயே மோசமான நேரம் அந்த முக்கால் மணிதான். இதைப் பற்றி ஊரில் யாரும் எச்சரிக்கவில்லை.

ஜூன் 23, விடியற்காலை

தம்பியின் வீடு சின்னது. அதனால் பெண்ணின் பெரியப்பா வீட்டு பேஸ்மென்டில் எங்களைத் தங்க வைத்திருக்கிறார்கள். சென்னைக்கும் இங்கேக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். போதாததற்கு ஜூன் மாதம், ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் சூரியன் இறங்குகிறது. வெளிச்சத்தில் பாப்பா தூங்குவாள், இருட்டியதும் விளையாடுவாள்.

இன்றும் மூன்று மணிக்கு எழுந்துவிட்டாள். சென்னையில் மதியச் சாப்பாட்டு நேரம். அம்மா எழுந்துவிடக் கூடாது என்று அவளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால், சமையலறையில் விளக்கு எரிகிறது. லண்டனிலிருந்து வந்திருக்கும், பெண் வீட்டு உறவில் ஒரு தங்கை, இடுப்பில் ஆறு மாதப் பையன்.

"நீங்களும் நித்திரை கொள்ளேல்லையோ அக்கா?"

அவளுக்கு அது காலை எட்டு மணி. கொஞ்ச நேரத்தில் பாரிஸ் மாமா வந்தார். அவருக்கு ஒன்பது, தேத்தண்ணி வேண்டும். "எங்கட வீட்டுக் கலியாணமெண்டால் ஆரோ ஒராள் முழிச்சுக்கொண்டுதான் இருப்பினம்" என்று சிரித்தார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் பாரிஸ், லண்டன், ஒஸ்லோ, இங்கே என்று சிதறியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் யாராவது கைக்குழந்தையோடு கடல் தாண்டித்தான் ஆக வேண்டும். நான் ஏதோ பெரிய சாகசம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தங்கையின் அம்மா 1990இல் இதே தங்கையைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கொழும்பிலிருந்து கிளம்பி, வழியில் இரண்டு நாடுகளில் மாதக்கணக்கில் காத்திருந்து லண்டன் சேர்ந்தாராம். தொட்டிலைப் பற்றிய என் புகாரைச் சொல்லலாம் என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

குழந்தைகள் இரண்டும் சமையலறைத் தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒன்றின் மூக்கை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. மாமா முதல் நாள் வாங்கிய மீன் ரோல்ஸைச் சூடு செய்தார். காலை நாலு மணிக்கு மீன் ரோல்ஸ் எவ்வளவு ருசி என்பது பயணம் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

தூக்கத்துக்கு இங்கே எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: காலையில் வெயிலில் வெளியே கொண்டு போ, பகலில் இருட்டறையில் போடாதே, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் தானாக மாறும். மாறுகிறது. இன்றைக்கு மறுபடி ஐந்தரைக்குத் தூங்கினாள்.

ஜூன் 26

பொன்னுருக்கல். யாழ்ப்பாண வழக்கம், மாப்பிள்ளை வீட்டில் நடப்பது. பொற்கொல்லர் தம்பி வீட்டுக்கே வந்து, நல்ல நேரத்தில் தாலிக்கான பொன்னை உருக்கினார். நெருப்பென்றால் புகை எச்சரிக்கை மணி அடித்துவிடுமே என்று தம்பி முன்கூட்டியே கதவையெல்லாம் திறந்து வைத்தான். அப்படியும் அடித்தது. பாப்பாவைப் பிடித்து வைப்பதே என் வேலையாகப் போனதால் மீதியை நான் பார்க்கவில்லை. இனித் தாலி கட்டும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளக் கூடாதாம். இரண்டு பேருக்கும் ஒரே அலுவலகம்.

தாலி விஷயத்தில் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. அவர்களுக்குத் தங்கத் தாலிக்கொடி, எங்களுக்கு மஞ்சள் கயிறு. மூன்று முடிச்சில் முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார். அதாவது நான். அம்மா இதில் மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. கடைசியில் கொடியும் உண்டு, கயிறும் உண்டு என்று முடிந்தது. பெண்ணின் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அந்த நேரம் பிள்ளையை ஆர் வைச்சிருக்கிறது?"

ஜூன் 30

நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறார்.

காலை முழுக்கப் பாப்பா பட்டுப்பாவாடையோடு சமர்த்தாக இருந்தாள். ஒஸ்லோ அத்தையிடம் போனாள், லண்டன் தங்கையிடம் போனாள். மேடையில் கெட்டிமேளம் கிளம்பியதும் வீறிட்டு என் கழுத்தைப் பிடித்தவள் விடவே இல்லை. அம்மா வாங்கப் பார்த்தார், முடியவில்லை. ஐயர் என்னைப் பார்க்கிறார், வீடியோக்காரர் விலகச் சொல்லிக் கையாட்டுகிறார், தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டான்.

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அம்மம்மா கையை நீட்டினார். "இஞ்ச தாங்கோ. நீங்கள் போய்க் கட்டுங்கோ." அவர் கழுத்தில் தடித்த தாலிக்கொடி. பாப்பா அதைப் பிடித்து வாயில் வைத்தாள், அழுகை நின்றது. இரண்டு முடிச்சையும் போட்டேன். கை நடுங்கியதில் இரண்டாவது கொஞ்சம் கோணல். திரும்பி வந்து கேட்டால் அம்மம்மா தருவதாக இல்லை. சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை தரவில்லை. அவர் மடியிலேயே, தவில் சத்தத்திலேயே தூங்கினாள்.

ஜூலை 2

நேற்று கனடா தினம். பத்து மணி வாணவேடிக்கையில் பாப்பா விழித்துவிட்டாள், ஒரு வாரமாகச் சரிப்படுத்தி வந்த தூக்கம் மறுபடி கலைந்தது. இனிச் சரி செய்து பயனில்லை, வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். கிழக்கு நோக்கிப் பறப்பது உடம்புக்கு இன்னும் கஷ்டம் என்கிறார்கள். பெண்ணின் அம்மா கறித்தூளும் ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவும் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். அதில் கசகசா இருக்கிறதா என்று அம்மாவே கேட்டுவிட்டார்.

விமான நிறுவனத்துக்குப் போன் செய்தேன். தொட்டில் வரிசை "கோரிக்கை" என்றுதான் இருக்கிறதாம், கவுண்டரில் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்தத் தடவை தான் பேசுவதாக அம்மா சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து புது மருமகளை எதிரில் உட்கார வைத்து, அவள் சொல்லிக் கொடுக்கக் கொடுக்க, "திஸ் இஸ் நாட் ரெக்வெஸ்ட், திஸ் இஸ் பேபி" என்று பழகிக்கொண்டிருக்கிறார்.