படிப்பகத்துக் காகித வண்டி

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு

தஞ்சாவூரில் எங்கள் தெருமுனையில் ஒரு படிப்பகம் இருக்கிறது. ஓட்டுக் கட்டிடம். வாசலில் இரண்டு திண்ணை, உள்ளே ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு. அரசு நூலகம் இல்லை, தெருக்காரர்கள் சந்தா போட்டு நடத்துவது. வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி எல்லோரும் கட்டுகிறோம், அது அரசு நூலகங்களுக்குப் போகிறது. படிப்பகத்துக்குச் சந்தாவை விட்டால் வேறு வரும்படி கிடையாது. அப்பா இருந்தவரை காலை ஆறரைக்கு அங்கே போய்விடுவார். நான் இதே தெருவில் பிறந்து வளர்ந்தவள். போன மாதம் வரை அந்தப் படி ஏறியதில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை. பெண்கள் யாரும் போகவில்லை, நானும் போகவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் யாரோ வந்து, பார்சல் வைக்கக் கிடங்காக வாடகைக்குக் கேட்டார்களாம். கமிட்டியில் பாதிப் பேருக்கு அது சரியென்று பட்டிருக்கிறது. காலையில் ஏழெட்டுப் பேர் பேப்பர் பார்ப்பதோடு சரி, அப்புறம் பூட்டித்தானே கிடக்கிறது என்றார்களாம். அந்தப் பூட்டுதான் எனக்கு உறுத்தியது. தையல் மெஷினை விட்டு எழுந்து போய், ஞாயிறு மத்தியானம் மட்டும் சாவி கொடுங்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். "தீபாவளி வரைக்கும் பார்ப்போம்மா" என்று கொடுத்துவிட்டார்.

இன்று முதல் நாள். பிள்ளைகள் ஒன்பது பேர், அம்மாக்கள் மூன்று பேர். துணிப் பொம்மை செய்யலாம் என்று வெட்டுத் துணி ஒரு பை நிறைய எடுத்துப் போயிருந்தேன். பின்னறையில் கூரையைத் தொடுகிற அளவுக்குப் பழைய பேப்பர் அடுக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கண் அகன்றுவிட்டது. "இதையெல்லாம் எடைக்குப் போடப்போறீங்களா? ஊறப் போடுங்கடி. வெந்தயம் போட்டு அரைச்சா கல்லு மாதிரி நிக்கும். என் கல்யாணத்துக்கு எங்கம்மா இதுலதான் கூடை செஞ்சு குடுத்தா."

துணிப் பையை அப்படியே திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று இந்திய நூலக இயலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்த நாள், நூலகர் தினம். சீர்காழிக்காரர், பழைய தஞ்சாவூர் ஜில்லா. காலையில் பேப்பர் மேசையில் பைண்டர் மாமா அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. நாற்பது வருடம் புத்தகம் பைண்டிங் செய்தவர். 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில், மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நூலகம் ஒன்று கிளம்பியது. கனகசபைப் பிள்ளை என்கிற ஓய்வுபெற்ற பொறியாளர் வண்டியை அதற்கென்றே வடிவமைத்தார். தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். 1948-இல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வருவதற்குப் பதினேழு வருடம் முன்பு!

"மன்னார்குடி நமக்குக் கூப்பிடு தூரம். நம்ம பிள்ளைங்க ஒருத்தருக்கும் இது தெரியாது" என்றார். திண்ணையில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் நிமிர்ந்து பார்த்தான். "அந்த வண்டியை நாம செய்யலாமா அத்தை?"

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெள்ளிக்கிழமையே பேப்பரைக் கிழித்து ஊறப் போட்டாயிற்று. கையால் கிழிக்க வேண்டும், கத்தரிக்கோல் கூடாது என்பது பாட்டியின் கட்டளை. கிழித்த ஓரத்தில்தான் நார் வெளியே வருமாம். வாரப் பேப்பரோடு வரும் வழவழப்பான இணைப்பைத் தள்ளிவிட்டோம், அது எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. இரண்டு நாளும் தண்ணீரை மாற்றினேன். முதல் தண்ணீர் மை கலந்து சாம்பல் நிறத்தில் வடிந்தது.

இரவெல்லாம் ஊறிய வெந்தயத்தைச் சேர்த்துப் பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லில் அரைத்தோம். கிரைண்டரில் போடலாம்தான், ஆனால் பிள்ளைகளுக்குக் குழவி சுற்ற ஆசை. முதலில் கஞ்சி போல ஓடியது. துணியில் கட்டிப் பிழிந்து மறுபடி அரைத்ததும் இட்லி மாவு மாதிரி திரண்டு வந்தது. விரலில் எடுத்தால் வழுக்குகிறது. வெந்தய வாசனை தெரு முழுக்க. பிடித்து வைத்த உருண்டையில் ஒரு துணுக்கு அரைபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது, "நேற்று மா" என்ற எழுத்துகளோடு. மாலையா, மாவட்டமா, மாநாடா என்று பிள்ளைகளுக்குள் பெரிய விவாதம்.

பசைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது பைண்டர்கள் வழக்கம், பூச்சி அரிக்காது. நான் அதைக் கேட்டதும் மாமா பலமாகத் தலையாட்டி மறுத்துவிட்டார். "விஷம்மா அது. புள்ளைங்க கை வைக்கிற எடத்துல வேண்டாம். வெந்தயக் கசப்பே போதும்." அதற்குப் பதில் புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக் கொண்டுவந்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நடுவில் மூன்று வாரம் எழுதவில்லை. கை பழகட்டும் என்று தலையாட்டி பொம்மை செய்து பார்த்தோம். அடியில் உருண்டையாகக் களிமண், மேலே காகிதக் கூழ். அடி கனமாகவும் மேல் லேசாகவும் இருந்தால்தான் சாய்த்ததும் எழுந்து நிற்கும். பதினொன்றில் ஏழு எழுந்து நின்றன. நிற்காத நான்குக்கும் காரணம் ஒன்றே: தலையில் கொண்டை பெரிதாக வைத்துவிட்டார்கள்.

இன்று வண்டி வேலை தொடங்கியது. சக்கரம்தான் முதலில். இஸ்திரிக்கார அண்ணன் சின்ன வயதில் வண்டி ஓட்டியவர் என்பது இன்றுதான் எனக்குத் தெரியும். வருடக்கணக்காக அவரிடம் துணி கொடுக்கிறேன். நாங்கள் எட்டு ஆரக்கால் போட்டு வரைந்திருந்ததை வாசலில் நின்றபடி பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "பன்னெண்டு போடணும். ஆறு வட்டை, வட்டைக்கு ரெண்டு ஆரக்கால். நடுவுல குடம். கடையாணி இல்லாம விட்டுட்டீங்களே, வண்டி எப்படி ஓடும்?" சாக்பீஸை வாங்கித் தரையில் அவரே வரைந்தார். நடுவில் குடம், அதிலிருந்து போகும் ஆர், வெளிவட்டத் துண்டான வட்டை, அதைச் சுற்றி இரும்புப் பட்டா, அச்சு, சக்கரம் கழலாமல் அச்சு முனையில் செருகும் கடையாணி, நுகத்தடி. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாடு செய்கிற நாள். கொம்பு எப்படி என்று பேச்சு வந்ததுமே இஸ்திரிக்கார அண்ணன், "இந்தப் பக்கத்து வண்டி மாடுன்னா உம்பளச்சேரி. அதுக்குக் கொம்பு கிடையாது" என்றுவிட்டார். கன்றாக இருக்கும்போதே கொம்பைத் தீய்த்துவிடுவார்கள், மொட்டை மாடு என்றே அதற்குப் பெயர். பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகும். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. சேற்று வயலில் இறங்கி உழுவதற்கு இதைப் போல வேறு மாடு இல்லை என்றார். கொம்பில்லாத மாடா என்று சின்னவள் ஒருத்தி அழுதேவிட்டாள். நெற்றிப் பொட்டை நீயே வைக்கலாம் என்று சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனாள்.

ஆனால் யாருக்கும் மாட்டை நிறுத்தத் தெரியவில்லை. கூழை அப்படியே பிடித்தால் உள்ளே காயாமல் வயிறு தொங்கிவிடுகிறது. அப்போதுதான் மூன்றாம் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் பேசினாள். வந்து எட்டு மாதம் ஆகிறது, தண்ணீர் பிடிக்க வரும்போது சிரிப்பதோடு சரி. நான்கு ஞாயிறும் வந்து பேப்பர் மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். "அக்கா, முழுசா பிடிக்கக் கூடாது. களிமண்ணுல செஞ்சு, மேல கூழ் அப்பி, காஞ்சதும் ரெண்டாப் பொளந்து எடுக்கணும். அப்புறம் ஒட்டிக்கலாம்." பண்ருட்டிப் பெண் அவள். அவள் சித்தப்பா வீட்டில் பொம்மை வேலை.

அவள் களிமண்ணைப் பிசைந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டைவிரலை ஒரு தரம் அழுத்தி இழுத்தாள், திமில் வந்துவிட்டது. இன்னொரு அழுத்தலில் கண்குழி. களிமண் மாட்டின் மேல் ஈரத்துணி போர்த்தி, அதன் மேல் கூழை அரை விரல் கனத்துக்கு அப்பினாள். அறையில் யாரும் பேசவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தவள், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் களிமண் அப்பிக்கொண்டது. "பண்ருட்டி அக்கா" என்று பிள்ளைகள் அவளுக்கு இன்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆட்டுக்கல்லுக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைத்தோம். மளிகைக்கடை பாய் பொரி கடலை கொடுத்தனுப்பினார். வேலை ஒன்றும் நடக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சக்கரம் இரண்டும் கோணிவிட்டன. வெயிலில் வைத்தது தப்பு. கூழ் வேலையை முதல் இரண்டு நாள் நிழலில் ஆறவிட வேண்டும், அப்புறம்தான் வெயில். அவசரப்பட்டு மொட்டை மாடியில் போட்டவள் நான்தான். ஓரம் முதலில் காய்ந்து சுருங்கி, அப்பளம் மாதிரி வளைந்துகொண்டது. பையன்கள் அழித்து அழித்து வரைந்த பன்னிரண்டு ஆரக்கால். மனசு கேட்கவில்லை. மறுபடி கூழ் அரைத்துப் புதிதாகச் செய்து வைத்திருக்கிறோம், நிழலில்.

அக்டோபர் 18, சனி

வடகிழக்குப் பருவமழை வியாழக்கிழமையே தொடங்கிவிட்டது. சக்கரம் அப்படியே ஈரமாக இருக்கிறது. மாட்டின் முதுகில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கப் பார்க்கிறது, துடைத்து வைத்தேன்.

கூட்டத்துக்கு வருகிற ஓர் அம்மாவின் வீட்டில் குறுவை அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். தார்ப்பாய் போட்டும் அடிநெல் நனைந்து முளை விட்டுவிட்டதாம். கைப்பிடி நெல்லை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து காட்டினார். வெள்ளை முளை, ஒரு நகம் நீளம். எங்கள் சக்கரம் காயவில்லை என்று வாய் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அவரோ உட்கார்ந்து, வண்டிக்குள் வைக்கிற குட்டிப் புத்தகங்களுக்கு நூல் கட்டினார். வீட்டில் இருந்தால் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார். மொத்தம் 63 புத்தகம், ஒவ்வொன்றும் தீப்பெட்டியில் பாதி அளவு. மாமா சொல்லிக்கொடுத்தபடி உண்மையான தையல் பைண்டிங்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்தது. மழை விடவில்லை. இஸ்திரிக்கார அண்ணனுக்கும் மழையால் வேலை இல்லை. நேற்றுச் சாயங்காலம் கரிப் பெட்டியைக் கனலோடு தூக்கிக்கொண்டு படிப்பகத்துக்கு வந்துவிட்டார். சக்கரத்தை இரண்டு பழைய வேட்டி மடிப்புக்கு நடுவே வைத்து, பெட்டியைத் தேய்க்காமல் மெல்ல அமுக்கி எடுத்தார். புஸ்ஸென்று ஆவி. துணியை மாற்றினார், மறுபடி அமுக்கினார். ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை மணி நேரம். கடைசியில் எடுத்துச் சுண்டிப் பார்த்தோம், டங்கென்றது. தட்டையாக, விறைப்பாக, துளிக்கூடக் கோணல் இல்லை. வெந்தயம் வறுத்த மாதிரி வாசனை. "பட்டுப்புடவைக்குப் போடற சூடுதான்" என்றார். காசு கொடுக்கப் போனேன், முறைத்துவிட்டார்.

அக்டோபர் 26, ஞாயிறு

வண்டியைக் கோத்தோம். அச்சில் சக்கரம், சக்கரத்துக்குக் கடையாணி, மேலே மூன்று தட்டு அலமாரி, அதில் 63 புத்தகம். சாக்பீஸ் தூளும் பசையும் கலந்து பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மாட்டுக்குச் சாம்பல் வண்ணம் அடித்தார்கள். சின்னவள் நெற்றிப் பொட்டு வைத்தாள். மாட்டின் வயிற்றுப் பக்கம் மட்டும் வண்ணம் அடிக்காமல் விட்டார்கள். இது எங்கள் படிப்பகத்துப் பேப்பர்தான் என்று தெரிய வேண்டுமாம். சரியென்று விட்டுவிட்டேன்.

வண்டியைச் சுற்றி நிற்கப் பொம்மைகள் செய்தபோது யார் யார் என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியோடு மாமா, இஸ்திரிப் பெட்டியோடு அண்ணன், தலையில் மூட்டையோடு ஒரு பாட்டி. கழுத்தில் இஞ்சு டேப் போட்ட ஒரு பொம்மையும் இருந்தது. நான் கொஞ்ச நேரம் பின்னறைக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் கமிட்டி கூடியது. வண்டி பேப்பர் மேசையின் நடுவில் இருந்ததால் எல்லோரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. ஒருவர் கடையாணியைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாடகைப் பேச்சை அடுத்த சித்திரைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதுவரை சாவி என்னிடம். புதிதாகச் சந்தா எழுதியவர்கள் ஆறு பேர், அதில் நால்வர் பெண்கள். பண்ருட்டிப் பெண் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சித்திரையில் என்ன சொல்வார்களோ தெரியாது. அதற்குள் மாலை நேரத்திலும் திறந்து வைக்க ஆள் சேர்க்க வேண்டும்.

மத்தியானம் எதிர்வீட்டுப் பாட்டி வந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவர், மாட்டை மெல்லத் தூக்கித் திருப்பி, வண்ணம் அடிக்காத வயிற்றைக் காட்டி, "இங்க என்னமோ எழுதியிருக்கே, என்னது?" என்று கேட்டார். ஏழாம் வகுப்புப் பையன் குனிந்து, விரல் வைத்துப் படித்தான்.

"மேட்டூர் அணை நீர்மட்… அதுக்கு மேல கூழாயிடுச்சு பாட்டி."

"மேட்டூரா? தண்ணி தொறந்த சேதியா இருக்கும்" என்று சொல்லி, பாட்டி மாட்டைப் பழையபடி நுகத்தடியில் நிறுத்தினார்.