பதக்கத்துக்கு முன்னால் செலவழித்தது யார்? 2024 விளையாட்டு நாட்குறிப்பு

26 டிசம்பர் 2024, வியாழன்

சாம் கான்ஸ்டஸ் என்று ஒரு பத்தொன்பது வயது ஆஸ்திரேலியப் பையன், முதல் டெஸ்ட், மெல்போர்னில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே பும்ராவைத் திருப்பி நின்று ஸ்கூப் போட்டு சிக்சர் அடிக்கிறான். டெஸ்டில் பும்ராவை யாராவது சிக்சர் அடித்து 2021-க்குப் பிறகு இதுதான் முதல் தடவையாம். கோலி வேறு வேலை மெனக்கெட்டுப் போய் அவன் தோளில் இடித்து, போட்டிச் சம்பளத்தில் 20 சதவீதம் அபராதம் வாங்கிக்கொண்டார். 36 வயதில் இது தேவையா?

எல்லா சேனலிலும் வருடக் கடைசித் தொகுப்பு ஓடுகிறது. எல்லாமே டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், பிரிட்ஜ்டவுனில், சூர்யகுமார் எல்லைக்கோட்டில் பிடித்த அந்த கேட்சில்தான் தொடங்குகின்றன. எனக்கு அந்த ஜூன் 29 ராத்திரி என்றால் கேட்சுக்கு முந்தைய நான்கு ஓவர்கள்தான். 30 பந்தில் 30 ரன், கையில் ஆறு விக்கெட், களத்தில் தென்னாப்பிரிக்காவின் கிளாசனும் மில்லரும். பும்ரா வந்து 4 ரன் கொடுத்தார், ஹர்திக் கிளாசனைத் தூக்கிவிட்டு 4, மறுபடி பும்ரா 2 ரன்னும் ஒரு விக்கெட்டும், அர்ஷ்தீப் 4. கடைசி ஓவருக்கு 16 என்று ஆனபிறகுதான் அந்த கேட்சே வருகிறது. 7 ரன்னில் உலகக் கோப்பை. தொடர் முழுக்க பும்ரா 15 விக்கெட், ஓவருக்கு 4.17 ரன். டி20-யில் 4.17!

இதே நாடு அக்டோபரில் பெங்களூரில் 46 ரன்னுக்குச் சுருண்டது. நியூசிலாந்திடம் சொந்த ஊரில் 3-0. 2013-லிருந்து தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர்களை உள்ளூரில் வென்றிருந்தோம், அந்தக் கணக்கு மும்பையில் 147 துரத்தி 121-ல் முடிந்த மேட்ச் வருவதற்குள், புனேயிலேயே தீர்ந்துவிட்டது.

27 டிசம்பர், வெள்ளி

நேற்றிரவு மன்மோகன் சிங் காலமானார். இன்று ஆட்டக்காரர்கள் கையில் கறுப்புப் பட்டை. ஜெய்ஸ்வால் 82-ல் ரன் அவுட், அதன் பின் வரிசையாக விக்கெட். டிவியை அணைத்துவிட்டேன்.

மதியம் பாரிஸ் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலிம்பிக்கில் ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம், 71-வது இடம். தயாரிப்புக்கு மத்திய அரசு 16 விளையாட்டுகளில் சுமார் 470 கோடி ரூபாய் செலவழித்திருக்கிறது. பேட்மிண்டனுக்கு மட்டும் சுமார் 72 கோடி, பதக்கம் பூஜ்யம். லக்ஷயா சென் வெண்கலப் போட்டியில் தோற்ற அன்று, வீரர்களும் பொறுப்பேற்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பேட்மிண்டன் முன்னாள் சாம்பியன் பிரகாஷ் படுகோன் சொன்னதற்கு எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அரசாங்கம் காசே தருவதில்லை என்று பழைய பாட்டையே இனிமேல் பாட முடியாது. காசு வருகிறது, ஆனால் எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பையனோ பெண்ணோ ஓரளவு பேர் வாங்கி, தரவரிசையில் மேலே ஏறி, தலை தெரிந்தபிறகு வருகிறது. அதுவரைக்குமான பத்து வருஷம்?

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் பற்றி எழுதாமல் இந்த வருடத்தைத் தாண்ட முடியாது. ஆகஸ்ட் 6-ம் தேதி, சர்வதேசப் போட்டியில் அதுவரை ஒரு தடவைகூடத் தோற்காத ஜப்பானின் யுயி சுசாகியைக் கடைசி நொடிகளில் சாய்த்தார். மறுநாள் காலை எடை பார்த்தபோது 50 கிலோவுக்கு மேல் 100 கிராம். இறுதிப் போட்டியும் போயிற்று, வெள்ளியும் போயிற்று, 14-ம் தேதி மேல்முறையீடும் தள்ளுபடி. விதி விதிதான், சரி. அதற்கு முந்தைய வருஷம் வாரக்கணக்கில் டெல்லித் தெருவில் உட்கார்ந்து போராடியவர் அவர். அந்த எடைக் கணக்கை யாரும் வைக்கவில்லை.

28 டிசம்பர், சனி

நிதிஷ் குமார் ரெட்டி! எட்டாவதாக இறங்கி சதம். 99-ல் அவர் எதிர்முனையில் நிற்க, பத்து விக்கெட்டும் போய்விடாமல் சிராஜ் கம்மின்ஸின் பந்துகளைத் தடுத்த தடுப்பு இருக்கிறதே, சதத்தில் பாதி அவருக்குச் சேர வேண்டும். நம்ம வாஷிங்டன் சுந்தர் 162 பந்துக்கு 50, அவசரமே இல்லாமல். கேமரா திரும்பத் திரும்ப நிதிஷின் அப்பாவைக் காட்டியது. மகனின் கிரிக்கெட்டுக்காக வேலையை விட்டவர். கூட்டத்துக்கு நடுவே நின்று அழுதுகொண்டிருந்தார்.

பார்த்ததும் செஸ் வீரர் குகேஷின் அப்பா ஞாபகம்தான் வந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர், மகனோடு போட்டிக்குப் போட்டி அலைவதற்காகத் தொழிலை நிறுத்திவைத்தார். அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. ஸ்பான்சர் கிடையாது, நண்பர்கள் கைகொடுத்தார்கள். டிசம்பர் 12 மாலை சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம் டிராவில் முடிந்து மறுநாள் டைபிரேக் என்றுதான் எல்லாரும் முடிவுகட்டியிருந்தோம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் நடப்பு சாம்பியன் டிங் லிரன் யானையையும் பிஷப்பையும் வைத்துத் தாக்குப்பிடித்துவிடக்கூடிய நிலைதான். 55-வது நகர்த்தலில் டிங் யானையை f2-வுக்குக் கொண்டுவந்தார். யானையை வெட்டி, பிஷப்பை d5-ல் நீட்டி அதையும் வெட்டக் கொடுத்தால் மிஞ்சுவது வெறும் ராஜாவும் சிப்பாய்களும், அதில் ஒரு சிப்பாய் கூடுதல் போதும். குகேஷ் அதைக் கண்டுகொண்ட அந்தக் கணம் முகத்தில் தெரிந்தது, சின்னப் பையன் முகம். ஏழரைக்கு ஆறரை. 18 வயதில் உலக சாம்பியன்; இதற்கு முன் மிக இளையவரான காஸ்பரோவுக்கு அப்போது 22.

மறுநாளே தமிழ்நாடு அரசு 5 கோடி அறிவித்தது, நல்லதுதான். அதைவிடப் பெரிய காரியம் ஒரு வருஷம் முன்னால் நடந்தது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2023 டிசம்பரில் சென்னையில் அவசர அவசரமாக ஒரு கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியை நடத்தினார்கள். அதில் வென்ற புள்ளிகள்தான் குகேஷை, உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவுசெய்யும் டொரண்டோ கேண்டிடேட்ஸ் போட்டிக்குள் கொண்டுபோயின, அங்கிருந்துதான் சிங்கப்பூர். நேரத்துக்கு வந்த உதவி என்றால் அது.

29 டிசம்பர், ஞாயிறு

காலையில் எழுந்தால் நியூயார்க்கிலிருந்து கோனேரு ஹம்பி. உலக ரேபிட் செஸ் பட்டம், இரண்டாவது முறை, 37 வயதில், ஒரு குழந்தைக்குத் தாயாக. அவருக்கும் முதல் பயிற்சியாளர் அப்பாதான். செப்டம்பரில் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் ஆண்கள், பெண்கள் இரண்டிலும் தங்கம். ஆண்கள் அணி 22-க்கு 21 புள்ளி. இரண்டு வருஷம் முன்னால் மாமல்லபுரத்தில் இரண்டிலும் வெண்கலம் எடுத்ததற்கே குதித்தோம்.

பும்ராவுக்கு 200-வது டெஸ்ட் விக்கெட். சராசரி 20-க்குக் கீழே.

30 டிசம்பர், திங்கள்

தேநீர் இடைவேளையில் 112-க்கு மூன்று. டிரா என்று நம்பி அலுவலக வேலைக்குத் திரும்பினேன், 155-க்கு எல்லாரும் அவுட். ஜெய்ஸ்வாலுக்கு, பந்து பட்டதா என்று காட்டும் ஒலிக் கருவியில் கோடு அசையவில்லை, பந்து திசை மாறியது கண்ணுக்குத் தெரிந்தது. அவுட்தான், சண்டை வேண்டாம்.

அஸ்வின் 18-ம் தேதி பிரிஸ்பேனில் திடீரென்று விடைபெற்றதை இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 106 டெஸ்ட், 537 விக்கெட். செப்டம்பரில்தான் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 144-க்கு ஆறு என்று கிடந்த அணியை ஜடேஜாவோடு சேர்ந்து தூக்கி நிறுத்தி 113 அடித்து, இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்தார். ஓய்வுக்கு மறுநாள் அவர் அப்பா, மகன் அவமானப்பட்டதால்தான் விலகினான் என்கிற மாதிரி பேசிவைக்க, "டேய் ஃபாதர் என்னடா இதெல்லாம்" என்று அஸ்வின் போட்டாரே, அதுதான் இந்த வருடத்தின் சிறந்த பதிவு. அப்பாக்கள் விஷயம் எங்கே போனாலும் விடாது போல.

கால்பந்து: வருடம் முழுக்க ஒரு வெற்றிகூட இல்லை. ஜூன் 6 கொல்கத்தாவில் குவைத்தோடு கோலே விழாத டிராவில் சுனில் சேத்ரி விடைபெற்றார். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

31 டிசம்பர், செவ்வாய்

பாராலிம்பிக்ஸ். 29 பதக்கம், ஏழு தங்கம், 18-வது இடம். 2016 ரியோவில் மொத்தமே நான்குதான். இதற்கு அரசு செலவழித்தது சுமார் 74 கோடி, கிட்டத்தட்ட பேட்மிண்டன் கணக்கு. ஒலிம்பிக் சமயத்தில் டீக்கடையில் துப்பாக்கி சுடுதல் விதிகள்வரை பேசிய என் நண்பர்கள், செப்டம்பரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேட்மிண்டன் அரையிறுதியில் காஞ்சிபுரத்து துளசிமதியும் திருவள்ளூர் மனிஷாவும் ஒருவரோடொருவர் மோதினார்கள். பாரிஸில், இரண்டு தமிழ்ப் பெண்கள்! துளசிமதிக்கு வெள்ளி, மனிஷாவுக்கு வெண்கலம், ஓசூர் நித்யஸ்ரீக்கு வேறு பிரிவில் வெண்கலம். துளசிமதிக்குப் பயிற்சி கொடுத்தது கூலி வேலை செய்த அவர் அப்பா. மாரியப்பன் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, இப்போது வெண்கலம் என்று உயரம் தாண்டுதலில் மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பவில்லை. மூன்று உலகக் கோப்பைகளில் ஒரு கிரிக்கெட் வீரர் இப்படிச் செய்திருந்தால் ஊருக்கு ஊர் சிலை.

2 ஜனவரி 2025, வியாழன்

தேசிய விளையாட்டு விருதுப் பட்டியல் வந்துவிட்டது. துப்பாக்கி சுடும் மனு பாக்கர், குகேஷ், ஹாக்கி ஹர்மன்பிரீத் சிங், பாரா உயரம் தாண்டுதல் பிரவீண் குமார் நால்வருக்கும் கேல் ரத்னா. பத்து நாள் முன்னால் மனுவின் பெயர் இல்லை என்று ஒரு கூத்து நடந்தது. ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கியவருக்கு விண்ணப்பம் வந்ததா வரவில்லையா என்று விவாதம். அர்ஜுனா 32 பேருக்கு, அதில் 17 பேர் பாரா விளையாட்டுக்காரர்கள். துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ மூவரும் இருக்கிறார்கள். தேடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

காசிமாவையும் தேடினேன். சென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள், நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் தனிநபர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம். அவர் பெயர் இல்லை. கேரமே பட்டியலில் இல்லை.